‘முடிந்தால் பாருங்கள்’ என்றால் பார்த்தே ஆகவேண்டும்

ஆங்கிலத்தில் அடிக்கடி குழம்பும் சொற்கள் என்று ஒரு பட்டியல் எப்போதும் எங்காவது சுற்றிக்கொண்டே இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா அனுப்புவார். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நோட்டீஸின் பின்பக்கம் அச்சாகியிருக்கும். வேலையில் சேர்ந்த முதல் வாரப் பயிற்சியில் ஒரு தாளாகக் கையில் வரும். ‘அஃபெக்ட்’ வினை, ‘எஃபெக்ட்’ பெயர். ‘அட்வைஸ்’ என்பதில் சி போட்டால் அறிவுரை, எஸ் போட்டால் அறிவுரை சொல்வது. ‘ஸ்டேஷனரி’யில் ஏ வந்தால் நகராமல் நிற்பது, இ வந்தால் பேப்பர், பேனா சமாச்சாரம். ‘பிரின்சிபல்’ பள்ளிக்கூடத்துக்காரரா, கொள்கையா, வட்டிக்கு முன்னால் இருக்கும் அசலா. இதையெல்லாம் தெரிந்துகொள்வதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பட்டியல்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ‘எஃபெக்ட்’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘அஃபெக்ட்’ என்று எழுதிவிட்டால் படிக்கிறவருக்குப் புரியாமல் போவதில்லை. முன்பின் வாக்கியம் காப்பாற்றிவிடும். அதிகபட்சம் ஒரு சிவப்புக் கோடு விழும். ஆளைக் கவிழ்க்கிற குழப்பங்கள் வேறு. அவை பட்டியலிலேயே இருப்பதில்லை. ஏனென்றால் அவற்றில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை.

நான் சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். எங்கள் க்ளையன்ட் பிரிட்டனில் இருக்கிறார்கள். என் டீமில் ஒரு தம்பி. விருதுநகர்ப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்து, மதுரையில் இன்ஜினியரிங் முடித்து வந்தவர். மேலே சொன்ன பட்டியல் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஸ்பெல்லிங்கில் என்னைவிடச் சுத்தம். பணம் கட்டும் பகுதிக்கு அவர் ஒரு டெஸ்ட் பிளான் எழுதி அனுப்பினார். அங்கிருந்து பதில் வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘திஸ் இஸ் குவைட் குட்.’ அப்புறம், ‘ஜஸ்ட் எ மைனர் பாயின்ட்.’ அப்புறம், ரீஃபண்ட் பகுதியைப் பற்றி, ‘யூ மே வான்ட் டு ஹாவ் அனதர் லுக் அட் இட், வென் யூ கெட் எ மொமென்ட்.’

தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க அக்கா” என்றார். ரீஃபண்ட் பற்றி வந்த வரியை அவர் எப்படிப் படித்தாரோ அப்படித்தான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்த எவரும் படிப்பார்கள்: சின்ன விஷயம், உங்களுக்கு விருப்பம் இருந்தால், நேரம் கிடைக்கும்போது, இன்னொரு தடவை பாருங்கள். நேரம் கிடைக்கவில்லை. அவர் கையில் அந்த வாரம் உண்மையிலேயே அவசரம் என்று சொல்லப்பட்ட வேறு வேலைகள் இருந்தன. இதைக் கடைசியில் வைத்தார். ரிலீஸ் போனது. ஒரு ஆர்டரில் பாதிப் பொருளை மட்டும் திருப்பி அனுப்பியவர்களுக்குப் பணம் தப்பாகப் போனது. அந்தப் பகுதிதான். ‘இதை முன்பே சுட்டிக்காட்டியிருந்தோம்’ என்று மேலிடத்துக்கு மெயில் போனது. வருடக் கடைசி அப்ரைசலில் அவர் பெயருக்கு எதிரே, சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர் என்கிற பொருளில் ஒரு வரி ஏறியது. ராத்திரி பத்து மணிக்குக்கூட ஒரு மெயிலைப் பதில் சொல்லாமல் விடாத பையன் அவர். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை.

அந்த மெயிலை ஒரு பிரிட்டிஷ்காரர் படித்தால் என்ன படிப்பார் என்று எடுத்து வைத்துப் பார்ப்போம். ‘குவைட்’ என்பது அமெரிக்காவில் பெரும்பாலும் ‘மிகவும்’. பிரிட்டனில் ‘நல்லது’ போன்ற சாதாரணப் பெயரடையோடு சேர்ந்தால் ‘பரவாயில்லை, ஓரளவு’. அதே பிரிட்டனில் ‘குவைட் இம்பாசிபிள்’ என்று சொன்னால் ‘முற்றிலும் முடியாது’. ஒரே சொல், பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். ‘மைனர் பாயின்ட்’ என்பது எதிரில் இருப்பவர் மனம் புண்படாமல் இருக்க முன்னால் விரிக்கிற பாய். ‘யூ மே வான்ட் டு’ என்பது விருப்பத்தைப் பற்றிய பேச்சே இல்லை. செய்யுங்கள் என்பதுதான். ‘வென் யூ கெட் எ மொமென்ட்’ என்றால் சீக்கிரம். இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட யாரும் அகராதியைப் புரட்டமாட்டார்கள். ‘மே’, ‘வான்ட்’, ‘லுக்’, ‘மொமென்ட்’ எல்லாம் ஆறாம் வகுப்புச் சொற்கள்.

நம் வீட்டிலும் இது உண்டு

இதைச் சொல்லும்போது, வெள்ளைக்காரர்கள் ஒன்றை நினைத்து ஒன்றைச் சொல்கிறவர்கள் என்று சிலர் ஆரம்பித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. தங்கை கல்யாணத்துக்குக் கொஞ்சம் பணம் புரட்டவேண்டும் என்று சித்தப்பாவிடம் போய் நிற்கிறோம். “பார்க்கலாம்பா” என்கிறார். அது பார்ப்பதில்லை என்று நமக்குத் தெரியும். வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போறேன்’ என்று யாரும் சொல்வதில்லை, திரும்பி வரப்போவதே இல்லை என்றாலும் ‘போயிட்டு வரேன்’தான். இதையெல்லாம் எந்த வகுப்பிலும் நமக்கு நடத்தவில்லை. மடியில் உட்கார்ந்து கேட்டே வந்தது. ஆங்கிலத்தை மடியில் உட்கார்ந்து கேட்காதவர்களுக்கு அந்தப் பகுதியை யாராவது வாய்விட்டுச் சொல்லித்தான் ஆகவேண்டும். அது அறிவுக் குறைவில்லை.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. ‘இதை இன்னைக்கே முடிச்சிருங்க’ என்றால் கட்டளையும் முழுசாக இருக்கிறது, மரியாதையும் முழுசாக இருக்கிறது. ‘ங்க’ என்கிற ஒரு விகுதி அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொள்வதால் விஷயத்தை மழுப்பவேண்டிய அவசியம் குறைவு. இன்றைய ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே ‘யூ’தான். மரியாதையை வேறு எங்கேயாவது வைத்தாகவேண்டும். அதனால் வினையைத் தள்ளி வைக்கிறார்கள். ‘கேன் யூ’ கொஞ்சம் விலகி ‘குட் யூ’ ஆகிறது. ‘ஐ வாஸ் வொண்டரிங்’ என்று, இப்போது கேட்பதையே நேற்று யோசித்ததுபோல இறந்தகாலத்தில் கேட்கிறார்கள். எவ்வளவு தள்ளுகிறார்களோ அவ்வளவு பணிவு. தள்ளத் தள்ள, காதில் வாங்குகிறவருக்கு அது வேண்டுகோளாகத் தெரியாமலே போகிற ஆபத்தும் கூடுகிறது.

பதில் சொல்வதிலும் வழுக்குகிற இடங்கள் இருக்கின்றன. ‘வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?’ என்று கேட்டால், காத்திருக்கச் சம்மதம் என்பதற்கு ‘நோ’ என்றுதான் சொல்லவேண்டும். உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்பதுதானே கேள்வி. நல்ல மனதோடு ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டுகிற நம் ஆட்களைப் பார்த்து எதிரே இருப்பவர் ஒரு நொடி திகைப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். எதிர்மறைக் கேள்வி அதைவிட மோசம். ‘யூ டோண்ட் ஹாவ் எனி அலர்ஜீஸ்?’ என்று ஒரு நர்ஸ் கேட்கிறார். தமிழில் யோசிக்கிறவர் ‘ஆமாம், இல்லை’ என்று மனதில் வைத்துக்கொண்டு ‘யெஸ்’ என்கிறார். நர்ஸின் காதில் விழுவது, அலர்ஜி இருக்கிறது என்பது. அல்லது அவர் இன்னொரு தடவை கேட்கிறார், இவர் இன்னொரு தடவை ‘யெஸ்’ என்கிறார். இந்த மாதிரி இடத்தில் ‘ஐ ஹாவ் நோ அலர்ஜீஸ்’ என்று முழு வாக்கியமாகச் சொல்லிவிடுவது ஒன்றே பாதுகாப்பு. இதை ஏன் அந்தத் தாளில் போடமாட்டேன் என்கிறார்கள்?

‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு

இது ஏதோ நம் பக்கத்துப் பிரச்சினை, ஆங்கிலம் சரியாக வராதவர்களின் பிரச்சினை என்று நினைப்பவர்கள் 1951 ஏப்ரலில் கொரியப் போரில் நடந்ததைப் படிக்கவேண்டும். இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் 29-வது பிரிகேட் நின்றிருந்தது. அதில் க்ளாஸ்டர்ஷயர் ரெஜிமென்ட்டின் ஒரு பட்டாலியனைப் பலமடங்கு பெரிய சீனப்படை சூழ்ந்துகொண்டது. பிரிகேடியர் டாம் ப்ரோடி தனக்கு மேலே இருந்த அமெரிக்க ஜெனரலிடம் நிலைமையைச் சொன்ன விதம் இன்றுவரை பேசப்படுகிறது. ‘எ பிட் ஸ்டிக்கி’, அதாவது நிலைமை கொஞ்சம் சிக்கல் என்றார். பிரிட்டிஷ் ராணுவக்காரர் காதில் அது ‘முழுகப்போகிறோம்’. அமெரிக்கர் காதில் அது ‘கொஞ்சம் சிரமம், சமாளிக்கிறார்கள்’. சமாளிக்கிறார்கள் என்றால் அங்கேயே நிற்கட்டும் என்று முடிவானது. 500-க்கும் மேற்பட்டவர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தாய்மொழி. ‘எ பிட்’ என்கிற சொல்லும் இரண்டு பேருக்கும் தெரியும்.

என்னை அதைவிட உலுக்கியது ஒரு விமான விபத்தின் உரையாடல் பதிவு. 1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52 என்ற விமானம். மோசமான வானிலை. வழியில் மூன்று இடங்களில் வட்டமடிக்க வைத்ததில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. ரேடியோவில் ஆங்கிலம் பேசியவர் துணை விமானி. அவர் ‘ப்ரையாரிட்டி’, அதாவது முன்னுரிமை வேண்டும் என்று கேட்டார். ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. முதல் தரையிறங்கும் முயற்சி தவறிப்போன பிறகு, எமர்ஜென்சி என்று சொல்லு என்று கேப்டன் ஸ்பானிஷில் சொல்கிறார். துணை விமானி தரையிலிருந்து வழிகாட்டும் கட்டுப்பாட்டாளரிடம் திசையை ஒப்புக்கொண்டு, மறுபடி முயற்சி செய்கிறோம் என்று சொல்லி, வாக்கியத்தின் கடைசியில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சேர்க்கிறார். அந்த இரவில் பல விமானங்கள் எரிபொருள் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக்கூடிய ரேடியோ அது. சொல்ல வேண்டிய விஷயம் வாக்கியத்தின் வாலில் தொங்குகிறது. பிறகு கட்டுப்பாட்டாளர் அவர்களை இன்னும் சுமார் 15 மைல் கொண்டுபோய்த் திருப்பப்போவதாகச் சொல்லிவிட்டு, உங்களுக்கும் உங்கள் எரிபொருளுக்கும் அது சரிப்படுமா என்று கேட்கிறார். கேட்கவே செய்கிறார். துணை விமானியின் பதில்: ‘ஐ கெஸ் ஸோ. தாங்க் யூ வெரி மச்.’

நாலு இன்ஜினும் நின்று, லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற இடத்தில் விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். அமெரிக்க விசாரணை அமைப்பு முதன்மைக் காரணமாகச் சொன்னது, எரிபொருளைச் சரியாகக் கவனிக்காததையும், எமர்ஜென்சியைத் தெரிவிக்காததையும். அதோடு, எரிபொருள் நிலைமையைச் சொல்ல விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் பொதுவான, தெளிவான சொற்கள் இல்லாததையும் குறித்தது. இன்றைக்கு ‘மினிமம் ஃப்யூயல்’ என்றால் ஒரு பொருள், ‘மேடே ஃப்யூயல்’ என்றால் ஒரு பொருள் என்று வரையறுத்து வைத்திருக்கிறார்கள்.

‘தாங்க் யூ வெரி மச்.’ அந்தச் சொல் என்னை விடுவதாக இல்லை. எரிபொருள் இல்லாத விமானத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் நன்றி சொல்கிறார். அது அவருக்கு ஆங்கிலம் தெரியாததால் இல்லை. பெரிய ஊரின் பெரிய கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசுகிற ஒருவரிடம், அந்நிய மொழியில், ‘முடியாது’ என்று சொல்ல நாக்கு எழவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. எங்கள் ஆபீஸ் ஃபோன் கால்களில் அந்தக் குரலை நான் தினம் கேட்கிறேன்.

அந்தக் கால்

அப்ரைசல் முடிந்த பிறகு, அந்த மெயில் எழுதிய அம்மாளுடன் ஒரு கால் போட்டேன். தம்பியையும் உட்காரவைத்தேன். சண்டைக்கு இல்லை, எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ரீஃபண்ட் வரியைத் திரையில் போட்டு, இது செய்தே ஆகவேண்டியதா, விருப்பப்பட்டால் செய்வதா என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. “சொல்லியிருக்கிறேனே” என்றார். பிறகு தன் மெயிலைத் தானே சத்தமாகப் படித்தார். ‘யூ மே வான்ட் டு’ என்ற இடத்துக்கு வந்ததும் குரல் மெதுவாகிவிட்டது. தனக்குக் கீழே நேரடியாக வேலை செய்யாத ஒருவரிடம், அதுவும் நன்றாக வேலை செய்திருக்கிற ஒருவரிடம், ‘யூ மஸ்ட்’ என்று எழுதுவது அவர் வளர்ந்த விதத்துக்குப் பெரிய அவமரியாதை என்றார். எழுதும்போது தம்பியின் மனதை நினைத்துத்தான் அப்படி எழுதினாராம். நான் அதை நம்பினேன்.

அதுவரை பேசாமல் இருந்த தம்பி மைக்கை ஆன் செய்தார். “ஸோ, வென் யூ ஸே மைனர், இட் இஸ் நாட் மைனர்?” என்று கேட்டார். கோபம் எதுவும் இல்லை, விதியைத் தெரிந்துகொள்ளும் ஆசைதான். எழுதி வைத்துக்கொள்ளப் பேனாவோடு இருந்தார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார்: சில நேரம் மைனர் என்றால் மைனர்தான், சில நேரம் இல்லை. எப்போது எது என்று கேட்டதற்கு, தன்னால் சொல்லத் தெரியவில்லை என்றார்.

எனக்கு எல்லாம் திரும்பியது அந்த இடத்தில்தான். அதுவரை நானும் ஒரு பட்டியல் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன், ‘அவர்கள் சொல்வது – அவர்கள் நினைப்பது’ என்று இரண்டு பத்தியில். அப்படிப்பட்ட பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். ஆனால் எழுதியவருக்கே விதி தெரியாதபோது, விருதுநகரிலிருந்து வந்த பையன் அதை எப்படி மனப்பாடம் செய்வான்? ஊகிப்பது முழுக்க அவன் பொறுப்பு, ஊகம் தப்பினால் அப்ரைசலில் வரி ஏறுவதும் அவனுக்கே என்பது என்ன நியாயம்? அதிகாரம் யார் பக்கம் இருக்கிறதோ, தெளிவாகச் சொல்லும் கடமையும் அவர் பக்கம்தான் இருக்கவேண்டும். மரியாதையாகச் சொல்லட்டும், அதில் குறை வேண்டாம். அது கட்டாயமா இல்லையா என்பதையும் கூடவே சொல்லட்டும்.

எங்கள் தொழிலுக்கு இதில் ஒரு பழைய முன்னுதாரணமே இருக்கிறது. இணைய நெறிமுறைகளை எழுதுகிறவர்களுக்கு இதே தலைவலி இருந்தது. 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்எஃப்சி 2119 என்ற சின்ன ஆவணம், ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ என்ற சொற்களுக்கு இதுதான் பொருள் என்று தீர்த்து வைத்தது. ‘மஸ்ட்’ என்றால் விதிவிலக்கு இல்லை. ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்தால், விளைவுகளை முழுக்கப் புரிந்துகொண்டு விடலாம். ‘மே’ என்றால் உண்மையிலேயே உங்கள் விருப்பம். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசுவதற்கு இவ்வளவு பாடுபட்டவர்கள், மனிதர்களுக்கு இடையிலான மெயிலுக்கு இதைக் கொண்டுவரவில்லை. நாங்கள் கொண்டுவந்தோம். இப்போது அந்த அம்மாள் ஒவ்வொரு கருத்துக்கும் முன்னால் இந்த மூன்றில் ஒரு சொல்லைப் போடுகிறார். அதற்குப் பிறகு வழக்கமான பணிவோடு எழுதிக்கொள்கிறார். ‘மஸ்ட். வென் யூ கெட் எ மொமென்ட்’ என்று வரும்போது பார்க்க விநோதமாகத்தான் இருக்கிறது. வேலை நடக்கிறது.

நாம் சொல்வது அங்கே

எதிர்ப்பக்கத்தையும் பேசியாகவேண்டும். வேண்டியதைச் செய்யுங்கள் என்பதற்கு ‘டூ த நீட்ஃபுல்’, தேதியை முன்னால் தள்ளிவைப்பதற்கு ‘ப்ரிபோன்’, பதில் அனுப்புங்கள் என்பதற்கு ‘ரிவர்ட்’ ஆகியவற்றைக் கிண்டல் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கோடிக்கணக்கானவர்கள் புரிந்துகொண்டு எழுதுகிற ஆங்கிலம் அது. ஆனால் ‘ஐ ஹாவ் எ டவுட்’ மட்டும் கவனம். நமக்குச் சந்தேகம் என்றால் கேள்வியும் அதுதான், அவநம்பிக்கையும் அதுதான். வகுப்பில் கையைத் தூக்கி ‘சார், டவுட்’ என்றே வளர்ந்தவர்கள் நாம். பிரிட்டனில் ஒருவர் பேசி முடித்ததும் அப்படிச் சொன்னால், நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று காதில் விழும். ‘கொஸ்டின்’ என்று சொன்னால் போதும்.

இதைவிட முக்கியம் நாம் பணிவு என்று நினைத்துச் சொல்கிற ‘யெஸ்’. வியாழக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டால் ‘யெஸ்’, இல்லாவிட்டால் ‘வீ வில் ட்ரை அவர் லெவல் பெஸ்ட்’. நமக்குள் ‘ட்ரை பண்றோம்’ என்றால் கஷ்டம் என்று தெரியும். அங்கே அதை, முடிந்துவிடும் என்று குறித்துக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்கவே செய்கிறார்கள், நாம் நன்றி சொல்லி வைத்துவிடுகிறோம். டீமில் புதிதாகச் சேருகிறவர்களோடு உட்கார்ந்து நான் முதலில் பழக்குவது இதைத்தான். முடியாது என்பது வாக்கியத்தின் தலையில் வரவேண்டும். என்றைக்கு முடியும் என்பது அடுத்து. காரணம் கடைசியில், அதுவும் ஒரு வரி. ‘ஸாரி’ வேண்டுமானால் அதற்கும் பிறகு.

சென்ற வாரக் காலில் தம்பியிடமே கேட்டார்கள், வியாழக்கிழமை சரியா என்று. “நோ. மண்டே” என்றார், பிறகு காரணத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் ‘ரைட், மண்டே தென்’ என்றுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். கால் முடிந்ததும், “வெடுக்குன்னு சொல்லிட்டேனாக்கா?” என்றார். இல்லை என்றேன். அவருக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் காலின் முடிவுகளை மெயிலாகத் தட்டி, அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். அதில் இரண்டு இடத்தில் ‘ஸாரி’ இருந்தது. ஒன்றை எடுத்துவிடச் சொன்னேன். இன்னொன்று இருக்கட்டும், அது அவருக்கு வேண்டியிருக்கிறது.